'1 செ.மீ. மேக்ரோ' என்றால் என்ன? பூச்சிகளைப் படமெடுக்கச் சிறிய கேமரா தேர்வது எப்படி

சிறிய கேமரா ஒன்றின் விவரப் பட்டியலில் "மேக்ரோ: 1 செ.மீ." என்று ஒரு வரி இருக்கும். இன்னொன்றில் 5 செ.மீ., மற்றொன்றில் 8 செ.மீ. எண் சிறிதானால் பூச்சி பெரிதாகத் தெரியும் என்று கணக்குப் போட்டு வாங்குகிறவர்கள் பலர். கையில் வந்தபிறகு பார்த்தால், வண்ணத்துப்பூச்சி கிட்டப் போகும் முன்பே பறந்துவிடுகிறது, எறும்பின்மேல் லென்ஸின் நிழல் விழுகிறது, வண்டு படத்தின் நடுவில் ஒரு புள்ளியாக நிற்கிறது. கேமரா பொய் சொல்லவில்லை. அந்த ஒற்றை எண் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது.

மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இப்போது கூடியிருக்கிறது. லென்ஸைக் கழற்ற முடியாத கேமராக்களை ஜப்பானிய நிறுவனங்கள் 2010-ல் 10 கோடிக்கு மேல் அனுப்பின. 2023-ல் அது 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. கைபேசி அந்தச் சந்தையை விழுங்கிவிட்டது. புதிய மாடல்கள் குறைவு; பூச்சிப் படத்துக்குப் பெயர்போன பல கேமராக்கள் பழைய சந்தையில்தான் கிடைக்கின்றன. கடைக்காரர் சொல்வதை நம்பி எடுக்கிற நிலை இல்லை, நாமே பட்டியலைப் படித்தாக வேண்டும்.

படத்தின் அகலத்தைக் கேளுங்கள்

மேக்ரோ என்பதற்குப் பழைய வரையறை எளிமையானது. ஒரு பொருளின் பிம்பம் சென்சாரின்மேல் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) அதன் உண்மை அளவிலேயே விழ வேண்டும். 12 மி.மீ. தேனீயின் பிம்பம் சென்சாரிலும் 12 மி.மீ. இருந்தால் அது 1:1.

ஃபிலிம் காலத்தில் இந்த அளவுகோல் பொருந்தியது. பெரும்பாலோரின் ஃபிலிம் ஒரே அளவு, 36 × 24 மி.மீ. சிறிய கேமராக்களில் சென்சார் பல அளவுகளில் வருகிறது. '1/2.3 அங்குலம்' எனப்படுவது சுமார் 6.2 × 4.6 மி.மீ. '1 அங்குலம்' எனப்படுவது 13.2 × 8.8 மி.மீ. (ஒரு அங்குலம் 25.4 மி.மீ. ஆயிற்றே என்று தேட வேண்டாம். பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் அது. சென்சாரின் எந்தப் பக்கமும் அந்த நீளம் இல்லை.) ஆக, 1:1 என்பது ஒரு கேமராவில் 36 மி.மீ. அகலக் காட்சி, இன்னொன்றில் 6 மி.மீ. அகலக் காட்சி. ஒப்பிடுவதற்கு அது உதவாது.

அதற்குப் பதில் இப்படிக் கேட்டால் குழப்பம் தீரும்: இந்தக் கேமரா மிக நெருங்கி எடுக்கும் படத்தில், இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எத்தனை மில்லிமீட்டர் அடங்கும்? பொறிவண்டு 5 முதல் 8 மி.மீ. நீளம். வீட்டு ஈ 6, 7 மி.மீ. தேனீ 12 முதல் 15 மி.மீ. தட்டான் பல செ.மீ. நீளம். தேனீயும் ஈயும் வேண்டும் என்றால் 20, 25 மி.மீ. அகலம் கிடைக்கும் கேமரா போதும். எறும்பின் முகம் வேண்டும் என்றால் 10 மி.மீ.க்குள் போக வேண்டும். தட்டானுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் 70 மி.மீ. தாராளம். யாரை எடுக்கப்போகிறோம் என்று தெரியாமல் கேமரா தேடுவதில்தான் பாதிப் பேர் வழி தவறுகிறார்கள்.

அந்த ஒரு செ.மீ. எந்த ஜூமில்?

பட்டியலில் பெரிய எழுத்தில் போடப்படும் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம், பெரும்பாலும் ஜூமை முழுதாகப் பின்னுக்கு இழுத்த நிலையில், அதாவது அகலக் கோணத்தில் கிடைப்பது. ஜூமை முன்னே தள்ளத் தள்ள அந்தத் தூரம் ஏறிக்கொண்டே போகும்.

சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 நல்ல உதாரணம். 24 முதல் 200 மி.மீ. வரை ஜூம் உள்ள (36 × 24 மி.மீ. சென்சாருக்கு ஈடாகச் சொல்லும் எண்கள் இவை, லென்ஸின் உண்மையான குவிய நீளம் அல்ல), சட்டைப்பைக்குள் போகும் அருமையான கேமரா. அகலக் கோணத்தில் 8 செ.மீ. வரை நெருங்கும், முழு ஜூமில் 1 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் ஃபோகஸ் ஆகும். கணக்குப் போட்டால் இரண்டு நிலையிலுமே ஏமாற்றம்தான். 24 மி.மீ.யில் 8 செ.மீ. தொலைவில் படத்தின் அகலம் குறைந்தது 12 செ.மீ. 200 மி.மீ.யில் ஒரு மீட்டரில் சுமார் 18 செ.மீ. 6 மி.மீ. பொறிவண்டு அந்த 18 செ.மீ.யில் முப்பதில் ஒரு பங்கு. கேமரா மோசம் என்று சொல்லவரவில்லை, அது வேறு வேலைக்குச் செய்யப்பட்டது.

ஆகவே பட்டியலைப் படிக்கும்போது மூன்று கேள்விகள்:

1. குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் அகலக் கோணத்தில் எவ்வளவு, முழு ஜூமில் எவ்வளவு? ஒன்றை மட்டும் போட்டிருந்தால் இன்னொன்றைத் தேடிப் பிடியுங்கள்.

2. மேக்ரோ நிலைக்குப் போனால் ஜூம் பூட்டிக்கொள்கிறதா? சில கேமராக்களில் 'சூப்பர் மேக்ரோ' போட்டதும் ஜூம் ஒரே இடத்தில் நின்றுவிடும்.

3. அந்தத் தூரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது? சிறிய கேமராக்களில் பொதுவாக லென்ஸின் முன்முனையிலிருந்து. லென்ஸ் மாற்றும் கேமராக்களில் சென்சாரிலிருந்து. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

டிஜிட்டல் ஜூம் இந்தக் கணக்கிலேயே சேராது. எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதற்கு வைத்திருக்கும் இன்னொரு பெயர் அது.

பூச்சி என்ன பார்க்கிறது

ஒரு செ.மீ. தூரத்தில் லென்ஸைக் கொண்டுபோய் வைப்பது பூச்சிக்கு ஒரு சுவர் நகர்ந்து வருவது மாதிரி. பூச்சிகளின் கூட்டுக்கண் நுணுக்கமான உருவத்தைவிட அசைவைப் பிடிப்பதில் தேர்ந்தது. ஈ, தட்டான் போன்றவை நம் கண்ணுக்குத் தொடர்ச்சியாகத் தெரியும் அசைவைக்கூடத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கக் கூடியவை. மேலே நிழல் விழுந்தால் போதும், கிளம்பிவிடும்.

இதனால்தான் லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவில் மிஞ்சும் இடைவெளி, உருப்பெருக்கத்துக்குச் சமமான முக்கியத்துவம் பெறுகிறது. இதை வேலைத் தூரம் என்பார்கள். அசுவினி, உண்டுகொண்டிருக்கும் கம்பளிப்புழு, குளிர்ந்த விடியலில் பனித்துளியோடு உறங்கும் தட்டான் ஆகியவற்றிடம் 2 செ.மீ.யிலும் காலம் தள்ளலாம். வெயில் ஏறிய பிறகு அதே தட்டானிடம் அரை மீட்டராவது வேண்டும். பூச்சிகளின் உடல்சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது என்பதால் அதிகாலையில் அவை மந்தமாக இருக்கும். கேமராவில் இல்லாத வேலைத் தூரத்தை விடிகாலை ஈடுகட்டும். இதையே சாக்காக வைத்துப் பூச்சியைக் குளிர்பெட்டியில் போட்டெடுத்துப் படம் பிடிப்பவர்கள் உண்டு. அந்தப் படங்களில் கால்கள் மடங்கி நிற்கும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். பூச்சிக்கும் அது வதை.

சிறிய சென்சார் இங்கே குறையா?

சிறிய கேமராவின் உண்மையான பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நெருங்கி எடுக்கும்போது கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழம் மிக மெலிதாகிவிடும். பூச்சியின் கண் தெளிவாக இருக்கும், மீசை கலங்கும். 20 மி.மீ. அகலக் காட்சி ஒன்றை எஃப் 2.8 துளையில் (ஒளி நுழையும் லென்ஸ் துளையின் அளவு இது; எண் சிறிதானால் துளை பெரிது) எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 36 × 24 சென்சாரில் கூர்மையின் ஆழம் சுமார் 0.15 மி.மீ. தான். 1/2.3 அங்குலச் சென்சாரில் அதே காட்சி, அதே எஃப் எண்ணில் சுமார் 0.4 மி.மீ. கிடைக்கும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சாதாரணத் தூரங்களில் வேறுபாடு இன்னும் பெரிது. அங்கே சிறிய சென்சாரின் எஃப் 2.8, பெரிய சென்சாரின் எஃப் 16-ஐ ஒத்த ஆழம் தரும்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பெரிய கேமராக்காரர் துளையைச் சுருக்கி அதே ஆழத்தை எட்டிவிடுவார். ஆனால் துளையைச் சுருக்கினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வு அளவை, ஏற்ற வேண்டும் அல்லது ஷட்டரை மெதுவாக்க வேண்டும். சிறிய கேமரா அந்த இடத்துக்கு நேராக, ஒன்றையும் மாற்றாமல், வந்து சேர்கிறது. கையில் பிடித்து எடுப்பவருக்கு இது பெரிய வசதி.

சரி, சிறிய கேமராவிலும் துளையைச் சுருக்கினால் ஆழம் இன்னும் கூடுமே? கூடும், ஆனால் கூர்மை போய்விடும். சின்ன ஓட்டை வழியே நுழையும் ஒளி விரிந்து பரவும். அதை ஒளி விளிம்பு விளைவு என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரு புள்ளி ஒளி சென்சாரில் புள்ளியாக விழாமல் ஒரு வட்டாகப் பரவுகிறது. எஃப் 8 துளையில் பச்சை ஒளிக்கு அந்த வட்டின் விட்டம் சுமார் 10.7 மைக்ரான். 12 மெகாபிக்சல் கொண்ட 1/2.3 அங்குலச் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 1.5 மைக்ரான். ஆக ஒரு புள்ளி ஏழு பிக்சல்களில் பூசிக்கொள்கிறது. எஃப் 2.8-ல் வட்டு 3.8 மைக்ரான், பாதிப்பு இரண்டரை பிக்சல்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தானாக வந்து விழுகின்றன. ஒன்று, மிகச் சிறிய சென்சாரில் 12 மெகாபிக்சலுக்கும் 20 மெகாபிக்சலுக்கும் பூச்சிப் படத்தில் பெரிய வேறுபாடு எதிர்பார்க்க வேண்டாம். விளம்பரத்தின் பெரிய எண் இங்கே வெறும் எண். இரண்டு, துளையை விரித்தே வையுங்கள். சில சிறிய கேமராக்களில் துளை சுருங்குவதே இல்லை, ஒளியைக் குறைக்கும் கண்ணாடி ஒன்று குறுக்கே வருகிறது. திரையில் எஃப் எண் மாறும், ஆழம் மாறாது.

சிறிய சென்சாரின் நிஜமான குறை ஒளி மங்கும்போது தெரியும். ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் முளைக்கும் இரைச்சல் புள்ளிகளைக் கேமரா வழித்துத் துடைக்கிறேன் என்று தேனீயின் முடியையும் சேர்த்துத் துடைத்துவிடும். ரா வடிவில், அதாவது கேமரா கைவைக்காத மூலப் பதிவாக, பதிவு செய்யும் வசதி இருந்தால் அந்தத் துடைப்பு நம் கைக்கு வரும். அதனால் ரா இல்லாத கேமராவைப் பட்டியலில் கீழே தள்ளிவிடலாம்.

ஒளி வரும் வழி

20 மி.மீ. அகலப் படம் 4000 பிக்சல் அகலம் என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 200 பிக்சல். இலை காற்றில் வினாடிக்கு 5 மி.மீ. அசைந்தால் போதும், 1/100 வினாடியில் பிம்பம் 10 பிக்சல் நகர்ந்துவிடும். அது மிக மெல்லிய காற்று. உடலின் நடுக்கத்தைத் தடுக்கும் லென்ஸ் அமைப்பு இதற்கு உதவாது. அசைவது இலை, கை அல்ல. ஷட்டர் வேகம் வேண்டும், அல்லது ஃபிளாஷ் வேண்டும்.

குறைந்த சக்தியில் எரியும் ஃபிளாஷின் மின்னல் 1/10,000 வினாடி அளவுக்குக் குறுகியது. அசைவை அது உறைய வைத்துவிடும். பல சிறிய கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/1000 வினாடி அல்லது அதற்கும் மேலான வேகத்திலும் ஃபிளாஷ் சேர்ந்து வேலை செய்யும். லென்ஸ் மாற்றும் கேமராக்களில் இது பொதுவாக 1/200 அல்லது 1/250-ல் நின்றுவிடும். நண்பகல் வெயிலில்கூட ஃபிளாஷைத் துணைக்கு அழைக்க இது வழிவிடுகிறது. மின்னணு ஷட்டரில் மட்டும் பெரும்பாலும் ஃபிளாஷ் எரியாது, அமைப்பைக் கவனியுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், கேமராவோடு இருக்கும் ஃபிளாஷுக்கும் 2 செ.மீ. தொலைவில் உள்ள பூச்சிக்கும் நடுவில் லென்ஸ் குழலே நிற்கிறது. படத்தின் கீழ்ப்பாதியில் பிறை வடிவ நிழல். எப்படியோ ஒளி சேர்ந்தாலும் வண்டின் முதுகு கண்ணாடி மாதிரி. வெறும் ஃபிளாஷ் அதில் வெள்ளைப் புள்ளியாக எரியும், வட்ட எல்இடி விளக்கு வெள்ளை வளையமாகத் தெரியும். இரண்டுக்கும் ஒரே மருந்து ஒளியைப் பரப்புவது. பால் நிறப் பிளாஸ்டிக் தகடோ வெள்ளைத் தாளோ லென்ஸ் முனைக்கு அருகே, பூச்சிக்கு மேலே கூரைபோல நிற்க வேண்டும். கேமராவுக்கு அதன் நிறுவனமே டிஃப்யூசர் செய்து விற்கிறதா என்று பார்ப்பது, மெகாபிக்சல் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

ஃபோகஸ் பற்றிச் சுருக்கமாக

தானியங்கி ஃபோகஸ் பின்னாலிருக்கும் புல்லைப் பிடித்துக்கொள்ளும். கையால் ஃபோகஸ் வைக்கும் வசதியும், கூர்மையான விளிம்புகளை நிறத்தால் காட்டும் வசதியும் இருந்தால், தூரத்தைப் பூட்டிவிட்டு உடலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து எடுக்கலாம். அனுபவசாலிகள் பலரின் வழி இதுதான். ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்கும் ஸ்டாக்கிங் சில கேமராக்களுக்குள்ளேயே உண்டு. அசையாத பூச்சிக்கு அற்புதம். மீசையை ஆட்டிக்கொண்டிருக்கும் எறும்புக்கு ஆறு மீசை முளைக்கும்.

மூன்று வழிகள், மூன்று வகைப் பூச்சிகள்

1. ஒட்டி நின்று எடுப்பது. ஒலிம்பஸ் டிஜி வரிசை, இப்போது ஓஎம் சிஸ்டம் பெயரில் வருவது. டிஜி-4 2015-ல் வந்தது, டிஜி-5 2017-ல், டிஜி-6 2019-ல், டிஜி-7 2023-ல். இவற்றின் மைக்ராஸ்கோப் நிலையில் 1 செ.மீ. ஃபோகஸ் ஜூம் முழுவதிலும் கிடைக்கும். மற்றவற்றின் '1 செ.மீ.'யிலிருந்து இதைப் பிரிப்பது அதுதான். ஜூமைத் தள்ளினால் ஒரு எறும்பே படத்தில் பெரிதாக நிற்கும். ரா, ஸ்டாக்கிங் இரண்டும் டிஜி-4 முதல் உண்டு. எஃப்டி-1 என்ற டிஃப்யூசர் ஃபிளாஷ் ஒளியை லென்ஸைச் சுற்றித் திருப்பிவிடும். எல்ஜி-1 எல்இடி ஒளியை அதேபோல் கொண்டுவரும். தண்ணீருக்கும் அஞ்சாது, சுமார் 250 கிராம்தான். குறை வேலைத் தூரம். மெதுவாக நகரும் சிறு பூச்சிகளுக்கு என் முதல் தேர்வு இதுவே. தட்டானுக்கு இதை வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம்.

2. நீண்ட ஜூமுக்கு முன்னால் குளோஸ்-அப் லென்ஸ். அதிகம் பேர் கவனிக்காத வழி, கணக்கில் மிக அழகானது. லென்ஸின் முன் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டினால், கேமரா தொலைவில் ஃபோகஸ் வைத்திருக்கும்போது வேலைத் தூரம் அந்தக் கண்ணாடியின் குவிய நீளத்துக்குச் சமம். கண்ணாடியின் சக்தியை டயாப்டரில் சொல்வார்கள்; 8 டயாப்டர் என்றால் 1000-ஐ 8-ஆல் வகுத்து 125 மி.மீ. ஜூமை எங்கு வைத்தாலும் இந்த 12.5 செ.மீ. மாறாது, பூச்சியை நெருங்காமல் ஜூமால் மட்டும் பெரிதாக்கலாம். உருப்பெருக்கம், ஜூமின் உண்மையான குவிய நீளத்தை 125-ஆல் வகுத்தால் வரும். 2014-ல் வந்த பானாசோனிக் எஃப்இசட்1000-ன் முழு ஜூம் உண்மையில் 146 மி.மீ.; வகுத்தால் 1.17. அதன் 13.2 மி.மீ. சென்சாரில் படத்தின் அகலம் 11 மி.மீ. சொச்சம். 1/2.3 அங்குலச் சென்சார் உள்ள எஃப்இசட்300-ல் 108 மி.மீ.; அகலம் 7 மி.மீ. 12 செ.மீ. தூரத்திலிருந்து 7 மி.மீ. அகலம் என்பது எந்த அளவுகோலிலும் நல்ல பேரம்.

கண்ணாடி எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம். +1, +2, +4, +10 என்று தொகுப்பாக வரும் ஒற்றைக் கண்ணாடிகள் ஓரங்களில் ஊதாவும் பச்சையுமாகக் கோடு போடும். ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகளைச் சேர்த்து நிறப்பிழையைத் திருத்தியவற்றையே வாங்குங்கள். ரேனாக்ஸ் டிசிஆர்-250 (8 டயாப்டர்), டிசிஆர்-150 (4.8 டயாப்டர், வேலைத் தூரம் சுமார் 21 செ.மீ.) இரண்டும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளவை. முன்முனையில் 52 முதல் 67 மி.மீ. திருகு உள்ள லென்ஸ்களில் கிளிப்பால் மாட்டிக்கொள்ளும். எஃப்இசட்1000-ன் 62-க்கும் எஃப்இசட்300-ன் 52-க்கும் பொருந்தும்.

3. தள்ளி நின்று எடுப்பது. சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4, 2017-ல் வந்தது. 600 மி.மீ. முழு ஜூமில் 72 செ.மீ. வரை நெருங்கும். படத்தின் அகலம் சுமார் 7 செ.மீ. வண்ணத்துப்பூச்சியும் தட்டானும் அதில் கனகச்சிதம், பின்புலமும் மெத்தையாகக் கலங்கும். ஒரு கிலோவுக்கு மேல் கனம், விலையும் அதற்கேற்ப. இதைச் 'சிறிய கேமரா' என்று சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். எறும்பு வேண்டுமானால் இதன் 72 மி.மீ. திருகில் ரேனாக்ஸ் நேராக மாட்டாது, 67-க்குக் குறைக்கும் வளையம் தேவை.

கைபேசி? 2021-ல் வந்த ஐஃபோன் 13 ப்ரோ முதல் அதி அகலக் கோண லென்ஸே 2 செ.மீ. வரை நெருங்கும் கைபேசிகள் உண்டு. முதல் வகையின் அதே நெருக்கப் பிரச்சினை, ஒளியைப் பரப்ப வழி குறைவு. தனியாக '2 மெகாபிக்சல் மேக்ரோ' என்று வருபவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வாங்கும் முன் ஒரு ஸ்கேல்

மேலே உள்ள கணக்குகள் எல்லாவற்றையும் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடும்.

1. மேக்ரோ நிலையில், அகலக் கோணத்தில் ஸ்கேலை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி எடுங்கள். படத்தில் எத்தனை மி.மீ. கோடுகள் என்று எண்ணுங்கள்.

2. ஜூமின் நடுவிலும் முழு ஜூமிலும் அதையே திரும்பச் செய்யுங்கள். சில கேமராக்களில் நடு ஜூமில்தான் மிகக் குறுகிய அகலம் கிடைக்கும்; 2002-ல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 4500 அதற்குப் பெயர்பெற்றது.

3. ஒவ்வொரு முறையும் லென்ஸ் முனைக்கும் ஸ்கேலுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. ஃபிளாஷோடு ஒரு முறை எடுத்து நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஸ்கேலுக்குப் பதில் பளபளப்பான கறுப்பு பட்டன் ஒன்றை வைத்தால் வண்டின் முதுகு எப்படி வரும் என்பதும் தெரிந்துவிடும்.

பழைய கேமரா என்றால் இன்னும் சில: ஜூம் முழுதாக நீண்டு சுருங்கும்போது கரகரப்பு உண்டா, லென்ஸுக்குள் பூஞ்சை இழைகள் உண்டா (கைவிளக்கைச் சாய்வாகக் காட்டினால் தெரியும்), பேட்டரி இன்னும் கிடைக்கிறதா. டிஜி வரிசையில் பேட்டரிக் கதவின் ரப்பர் விளிம்பில் விரிசல் இருந்தால் அதை நீருக்குள் கொண்டுபோகாதீர்கள். குளோஸ்-அப் லென்ஸை மட்டும் கேமரா கைக்கு வரும் வரை வாங்காமல் வைத்திருங்கள். முந்தைய உரிமையாளர் திருகு வளையத்தை நசுக்கி வைத்திருந்தால் கிளிப் அதில் உட்காராது.